ஒப்பிட ஒரு நல்ல கால்

ஊருக்கெல்லாம் அவர் எலும்பு டாக்டர். ஆனால் இந்தக் கதையில் அவரைத் தம்பி என்றே சொல்லிக்கொண்டு போவோம். காரணம் இருக்கிறது. இதில் நடந்த தப்பைச் செய்தது டாக்டர் இல்லை, தம்பி. டாக்டராக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது.

தம்பிக்கு ஓர் அக்கா. டவுன் பஸ் ஓட்டுகிறாள். மழை விட்ட ஒரு காலையில் டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் கதவு வழியாக இறங்கியபோது, அவள் வலது கால் சாக்கடைக் கம்பி மூடியின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டதாம். சாயந்திரத்துக்குள் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருக்கிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். ஆனால் அங்கே எலும்புக்கு இரண்டே பேர், இன்னொருவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். வேறு ஊருக்கு அலைவானேன், நம்ம தம்பி இருக்கும்போது என்று அக்கா வந்தாள். தம்பியும் சரி என்றான்.

வீக்கம் வடியும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் காலைத் தொட்டான். அதுவரை செய்தது எல்லாம் சரிதான். சத்தம், உடனே வீக்கம் இரண்டையும் கேட்டவுடன் அவனுக்கே சந்தேகம் வந்தது. மக்கள் ஜவ்வு என்கிறார்களே, டாக்டர்கள் லிகமென்ட் என்கிறார்களே, அது கிழிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டியதில்லை, கையே போதும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுக்க வேண்டும். ஜவ்வு நன்றாக இருந்தால் எலும்பு கொஞ்சம் வந்து, இறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி சட்டென்று நிற்கும். கிழிந்திருந்தால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்ட காலைத் தொடும் முன் அடிபடாத காலைத் தொட வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுத் தளர்வு, சிலருக்கு இறுக்கம். அவரவருக்கு அவரவர் நல்ல கால்தான் அளவுகோல். தம்பி அக்காவின் இடது காலை இழுத்துப் பார்த்தான். நன்றாக வந்தது. வலது காலை இழுத்தான். அதுவும் அதே அளவு வந்தது. மறுபடி இடது, மறுபடி வலது. கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை.

அவன் முகம் தெளிந்துவிட்டது. அக்காவுக்கு மூட்டே இப்படித்தான், பிறவித் தளர்வு, உள்ளே ஒன்றும் கிழியவில்லை, வெறும் சுளுக்கு என்று முடிவு கட்டினான். அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான், தன்னிடமேகூட.

வீட்டில் அக்காவுக்குப் பட்டப்பெயர் 'பாதி'. வைத்தவன் தம்பிதான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டுவதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாநிலத் தேர்வுக்குப் போகவேண்டிய நேரத்தில், எனக்கு அலுத்துப்போச்சு என்று ஒரு நாள் நிறுத்திவிட்டாள். அப்புறம் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள், இரண்டாம் வருஷம் விட்டுவிட்டாள். துணிக்கடையில் வேலைக்குப் போனாள், ஏணியில் ஏறி இறங்க முடியவில்லை என்று அதையும் விட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா முணுமுணுத்தாள். 'பாதி வந்தாச்சு', 'பாதி சாப்பிட்டாளா' என்று அப்பாவும் கூப்பிட ஆரம்பித்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அக்காவும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் பஸ் ஓட்டப் போய் இத்தனை வருஷமாக ஒரே வேலையில் இருக்கிறாள் என்பதை மட்டும் ஏனோ ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் வைத்தால் வைத்ததுதான்.

ஆகவே சுளுக்குக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் குறிப்பையும் எழுதினான். எந்த நோயாளி வந்தாலும் 'முன்னால் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா' என்று கேட்காமல் விடாதவன் அவன். எண்பது வயதுக் கிழவரானாலும் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததுவரை தோண்டி எடுத்துவிடுவான். அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் சரித்திரம் இவனுக்குத் தெரியாததா என்ன. 'முன்பு அடிபட்டது இல்லை' என்று தானே எழுதினான். 'இரண்டு முழங்கால்களிலும் சம அளவு தளர்வு, பிறவியியல்பு' என்று அதற்குக் கீழே எழுதி முடித்தான்.

பயிற்சியெல்லாம் முடித்து அக்கா திரும்பி வந்தாள். கால் சரியாகவில்லை என்றாள். வலி போய்விட்டது, நடக்க முடிகிறது, ஆனால் திரும்பும்போது முழங்கால் நழுவுகிறது என்றாள். தசை பலப்பட நாளாகும், விடாமல் செய் என்றான் தம்பி. 'விடாமல்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னான்.

"ஆக்சிலேட்டர்லேர்ந்து பிரேக்குக்குக் காலத் திருப்புறேன் பாரு, அப்பதான் கழண்டு போற மாதிரி இருக்கு. நான் காருல தனியாப் போறவ இல்லடா. பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க."

"அக்கா, நான் கையால பாத்துட்டேன். ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா?"

ஸ்கேனுக்கு நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்றான் தம்பி. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 'நிஜமாகவே' அக்காவின் முகத்தில் போய்ப் பட்டது. டிப்போவுக்குத் தரவேண்டிய தாளில் 'பணிக்குத் தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இந்த வேலையையும் அவள் பாதியில் விட்டுவிடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவனுக்கு உள்ளூரத் திருப்திகூட இருந்தது. ஐயோ பாவம், நல்ல எண்ணம்தான்.

டாக்டர் எழுதுவதோடு ஒரு நோயாளியின் கோப்பு முடிந்துவிடுவதில்லை. கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில், மெடிக்கல் கோடிங் செய்கிற ஓர் அம்மா இருக்கிறார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி உண்டு. டாக்டர் எழுதியதைப் படித்துச் சரியான குறியைப் போடுவது அவர் வேலை. எந்தக் கால், இடதா வலதா, எந்த ஜவ்வு, புதுக் கிழிவா பழசா, எப்படி அடிபட்டது என்று ஒவ்வொன்றுக்கும் குறி மாறும். கிளி கடித்தால் ஒரு குறி, கிளி மோதினால் வேறு குறி. மனுஷன் எத்தனை விதமாக அடிபடுவான் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. டாக்டர் எழுதாததைக் கோடர் தானாக ஊகிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேள்வி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியும் 'இதுதானே?' என்று பதிலைக் கையில் திணிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. வாய்ப்புகளை வரிசையாகக் கொடுத்து, கடைசியில் 'தெரியவில்லை' என்றும் ஒன்று வைக்க வேண்டும். அந்த அம்மா அனுப்புகிற கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து டாக்டர்கள் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும், அதற்காக ஒரு கேள்விகூடக் குறைந்ததில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று காலை, நோயாளிகளுக்கு நடுவில் தம்பியின் கம்ப்யூட்டரில் கேள்வியம்மாவின் கேள்வி வந்து உட்கார்ந்தது. அவர் அந்தக் கோப்பில் இருப்பது டாக்டரின் அக்கா என்பதைக்கூடக் கவனித்திருக்க மாட்டார். 'இரண்டு முழங்கால்களிலும் தளர்வு, பிறவியியல்பு எனக் குறித்துள்ளீர்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்றைத் தெளிவுபடுத்தவும். பொதுவான பிறவி மூட்டுத் தளர்வு, அப்படியானால் வேறு எந்த மூட்டுகளில் காணப்பட்டது. அல்லது, வேறு காரணத்தால் ஏற்பட்ட தளர்வு. அல்லது, தீர்மானிக்க இயலவில்லை.' அவ்வளவுதான். இதே மாதிரி அவர் அன்றைக்கு நாலு பேருக்கு அனுப்பியிருப்பார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதே இந்த அம்மாவுக்கு வேலையாகப் போயிற்று என்று தம்பி அலுத்துக்கொண்டான். முதல் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தான். எந்த மூட்டுகள் என்று கேட்ட கட்டத்தில் விரல் நின்றது.

பிறவித் தளர்வு என்றால் முழங்கால் மட்டும் தளர்ந்திருக்காது. கட்டைவிரலை மடக்கினால் முன்கையில் போய் ஒட்டும். முழங்கை நேராக நிற்காமல் பின்பக்கம் வளையும். சுண்டுவிரல் புறங்கைப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பெயரை எழுதும் முன் இதையெல்லாம் பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பான். அக்காவிடம் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை.

கண்ணை மூடி அக்காவின் கையை நினைத்துப் பார்த்தான். கூடவே பிறந்து வளர்ந்தவளின் கட்டைவிரல் வளையுமா வளையாதா என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. 'கைவிரல், முழங்கை' என்று இரண்டு சொல்லைத் தட்டிவிட்டால் கோப்பு மூடிவிடும், ஒருவரும் கேட்கப்போவதில்லை. வெளியே அடுத்த நோயாளி இருமிக்கொண்டிருந்தார். தம்பிக்குத் தட்ட மனசு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கணக்கு அவன் மனசில் ஓட ஆரம்பித்திருந்தது. பிறவித் தளர்வு இல்லையென்றால், இரண்டு காலும் ஒரே மாதிரி தளர்ந்திருப்பதற்கு வேறு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

அக்காவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. பஸ் ஓட்டும்போது அவள் போனை அணைத்துவைத்துவிடுவாள். டிப்போவுக்குப் போட்டு எந்தத் தடத்தில் ஓடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு, நோயாளிகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சாலைக்கு வந்தான். கடைத்தெரு நிறுத்தத்தில் நின்றான். முதலில் வந்த பஸ்ஸை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்ததில் அக்கா இருந்தாள்.

தம்பியை வெள்ளைக் கோட்டோடு பார்த்ததும், அப்பாவுக்கு ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை, சும்மா வந்தேன் என்றான். சும்மா வந்தாலும் டிக்கெட் எடுக்கணும் என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

அக்கா ஓட்டி அவன் பார்த்ததே இல்லை. அவ்வளவு பெரிய வண்டியை, முட்டிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு நடுவே, கோபமே இல்லாமல் கொண்டுபோனாள். இவளா எதையும் முடிக்காதவள் என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் அவன் கண் அவள் காலிலேயே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அவள் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, முழங்காலுக்கு மேலே தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பாதத்தைப் பிரேக்குக்குத் திருப்பினாள். கையால் காலைக் கட்டிப்போட்டு ஓட்டினாள்.

பாலம் இறங்குகிற இடத்தில் சைக்கிள்காரர் ஒருவர் சந்திலிருந்து குறுக்கே வந்துவிட்டார். கையைக் கீழே கொண்டுபோக நேரமில்லை. அக்காவின் முழங்கால் உள்பக்கமாக நழுவியதைத் தம்பி கண்ணால் பார்த்தான். பாதம் பிரேக்கின் ஓரத்தில் பட்டு வழுக்கி, மறுபடி ஏறி, மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. பின்னால் யாரோ சீட்டில் மோதிக்கொண்டு டிரைவரைத் திட்டினார்கள். சைக்கிள்காரர் ஒன்றும் நடக்காதது மாதிரி போய்விட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

பணிக்குத் தகுதி உண்டு என்று எழுதியது இந்தக் கைதான் என்று தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து அவன் எந்த வண்டியிலும் போனதில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கையை நீட்டு என்றான் தம்பி. கால்தானே டாக்டரே கெட்டுப்போச்சு என்றாள் அக்கா. அவன் சிரிக்கவில்லை. அவள் கட்டைவிரலைப் பிடித்து முன்கைப் பக்கம் மெதுவாக மடக்கினான். பாதி வழிகூட வரவில்லை, வலிக்குதுடா என்று கையை இழுத்துக்கொண்டாள். முழங்கையை நீட்டச் சொன்னான். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக நின்றது. சுண்டுவிரல் நிமிரவே மாட்டேன் என்றது. மரக்கட்டை மாதிரியான கை. கண்டக்டர் சில்லறைப் பையை இடுக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கைவிரலில் வைத்தியம் பார்க்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பின்னால் இருந்த நீள சீட்டில் அக்காவைப் படுக்கச் சொன்னான். இந்தத் தடவை எவ்வளவு வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை, எங்கே நிற்கிறது என்று பார்த்தான். வலது கால் வந்தது, நிற்கவில்லை. இடது கால் வந்தது, அதுவும் நிற்கவில்லை. கிழிந்த காலை அளக்க அவன் பிடித்துக்கொண்ட அளவுகோலே ஏற்கெனவே கிழிந்திருந்தது. முதல்முறை பார்த்தபோதும் இது அவன் விரலுக்குத் தெரிந்துதான் இருக்கும். விரல் சொன்னதை மனசு காதில் வாங்கவில்லை.

"இடது கால்ல எப்ப அடிபட்டுச்சு?"

அக்கா எழுந்து உட்கார்ந்து, மடித்துவிட்ட பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"நீ கேக்கவே இல்லயே."

கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே தம்பிக்குத் தாங்க முடியவில்லை. பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மாநிலத் தேர்வுக்கு முன் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. இறங்கும்போது இடது கால் மணல் குழியின் ஓரத்துச் செங்கல்லில் பட்டுத் திரும்பிவிட்டது. இதே சத்தம்தான் கேட்டது. அப்பா விளையாட்டுக்குக் கையெழுத்துப் போட்டபோதே, அடி கிடி பட்டுக்கிட்டு வந்தா அன்னையோட சரி என்று சொல்லிவைத்திருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அடிபட்டதைச் சொன்னால் ஒரேயடியாக நின்றுவிடும். அலுத்துவிட்டது என்று சொன்னால், ஆறினதும் மறுபடி ஆசை வந்துவிட்டது என்று சொல்லிப் போய்க்கொள்ளலாம். அதற்காகத்தான் மறைத்தாள். வீக்கம் தெரியாமல் இருக்க நீளப் பாவாடையாகவே கட்டிக்கொண்டாள். இதோ ஆறிவிடும், இதோ ஆறிவிடும் என்று காத்திருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் போய்த் தாண்டிப் பார்த்தபோது கால் மடிந்து விழுந்தாள். அப்புறம் போகவில்லை.

நர்ஸ் படிப்பில் நோயாளியைத் தூக்கும்போது அதே கால் நழுவியது. மாடிப்படியில் மருந்துத் தட்டோடு இரண்டு முறை விழுந்தாள். துணிக்கடையில் ஏணி. உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை எது என்று தேடித்தான் பஸ்ஸுக்கு வந்தாள். கிளட்ச் மிதிக்கிறதுக்கு இடது கால் நேராகத்தான் போய் வரும், திரும்ப வேண்டியதில்லை, அதனால் ஒத்துக்கொண்டது என்று தொழில் விஷயம் மாதிரிச் சொன்னாள்.

"தாண்டுறத விட்டுடக் கூடாதுன்னுதான்டா மறைச்சேன். கடைசில விட்டவன்னு பேராச்சு. அப்புறம் சொன்னாலும் நீங்கல்லாம் சாக்குன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்போம் என்று தம்பிக்குத் தெரியும். முதலில் சொல்லியிருப்பவன் அவன்தான். இத்தனை வருஷமாக ஆயிரம் பேர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தவன், ஒரே வீட்டில் நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டவளைப் பார்க்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. பஸ்ஸில், வெள்ளைக் கோட்டோடு, கண்டக்டர் எந்த நிமிஷமும் திரும்பி வரக்கூடிய நேரத்தில், அக்கா நான் தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லி அழுதான். அக்கா அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

முதலில் செய்யவேண்டியதைச் செய்தான். டிப்போவுக்குப் போன் போட்டு, தான் கொடுத்த தகுதித் தாள் தவறு, இந்த டிரைவர் இப்போதே வண்டியை விட்டு இறங்குகிறார், வேறு டிரைவரை அனுப்புங்கள் என்றான். அந்தப் பக்கம் இருந்தவர் எரிந்து விழுந்தார். தவறு டிரைவருடையது இல்லை, என்னுடையது என்று இரண்டு முறை சொன்னான். இரண்டு காலுக்கும் ஸ்கேனுக்குச் சொல்லிவைத்தான். வலது காலுக்கு ஆபரேஷன் தேவைப்படும், அதைத் தான் செய்யப்போவதில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டரிடம் அனுப்புகிறேன் என்று அக்காவிடம் சொன்னான். இடது காலுக்கு இனி பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, தேய்மானம் வந்திருக்கும், பலப்படுத்திக்கொள்ளலாம் என்றும் மறைக்காமல் சொன்னான். அக்கா தலையாட்டினாள். அந்தக் காலைப் பற்றி அவளுக்குப் புதிதாகச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

"அப்பாகிட்ட சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள். நாற்பத்தெட்டு வயதிலும் அந்தக் கேள்விக்கு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் சொல்லிக்கிறேன் என்றான் தம்பி.

மாற்று டிரைவர் வர நேரமாகும். தம்பி போனில் கோப்பைத் திறந்தான். கோப்பில் எழுதியதை அழிக்க முடியாது, கீழே திருத்தம்தான் சேர்க்கலாம். தட்டுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான், அக்காவுக்குக் கேட்கட்டும் என்று. 'முன்பு அடிபட்டது இல்லை என்று நான் எழுதியது தவறு. நோயாளியிடம் நான் கேட்கவில்லை. வலது முழங்கால், புதிய கிழிவு என வலுவான சந்தேகம். இடது முழங்கால், பழைய கிழிவு. பிறவித் தளர்வு இல்லை, கைவிரல்களும் முழங்கைகளும் சோதிக்கப்பட்டன.' இனி கேள்வியம்மாவுக்குப் புதுசு எது பழசு எது என்ற குழப்பம் இருக்காது. எப்படி அடிபட்டது என்கிற இடத்துக்கு வந்தான். 'பதினேழு வயதில், உயரம் தாண்டும் முயற்சியில்...'

"முயற்சி இல்ல" என்றாள் அக்கா.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக, அடுத்த டிரிப்புக்காக வரிசையில் நிற்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

"தாண்டிட்டேன்டா. மாஸ்டர் வச்சதுலயே அதுதான் பெரிய உயரம். அதுக்கு முன்னாடி அந்த உயரத்த நான் தாண்டினதே இல்ல. மேல போயி, உடம்பு கம்பத் தொடாம அந்தப் பக்கம் போயிட்டேன். எனக்கு மேலயே தெரிஞ்சுடுச்சு. எறங்கும்போதுதான் கால் போச்சு. மணல்ல கெடந்துக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன், கம்பு அப்படியே இருந்துச்சு. மாஸ்டர் தண்ணி குடிக்கப் போயிருந்தாரு. யாருமே பாக்கல."

தம்பி தட்டியதை அழித்துவிட்டு மறுபடி தட்டினான். 'பதினேழு வயதில், அதுவரை தாண்டாத உயரத்தைத் தாண்டி முடித்து, இறங்குகையில்.' வாய்விட்டுப் படித்துக் காட்டினான். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்பு விழலன்னும் எழுது."

அதற்கு உலகத்தில் எந்தக் குறியும் கிடையாது. தம்பி எழுதினான்.